ஆர்க்காடிய ஆயரும் புதையல் வேட்டைக்காரரும்

நமது தோட்டத்துப் படிப்பகத்தில் மூன்று திங்களுக்கு முன்னர் நாம் ஆற்றிய சொற்பொழிவொன்றை மீட்டுக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். பேசிய பேச்சை மீட்பது எளிதன்று. எனினும் அன்று அவ்விடத்தமர்ந்து கேட்ட நாற்பது பேருக்கும், அவர் வாயிலாகப் பின்னர்க் கேட்டோர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம். கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி, தான் தவறாகப் பதிந்த தொகையைச் சிவப்பு மையாற் கோடிட்டுத் திருத்துவதற்கு நாணுதல் கூடாதன்றோ?

அன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், பிரெஞ்சு ஓவியர் நிக்கலா பூசான் 1638–40 ஆண்டளவில் தீட்டிய ‘ஆர்க்காடிய ஆயர்’ என்னும் ஓவியம். பாரிசு மாநகரத்து லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. 1685-ல் பதினான்காம் லூயி மன்னரின் சேகரத்திற் சேர்ந்தது. படம் பெரிதன்று, 121 செண்டிமீட்டர் அகலம், 85 செண்டிமீட்டர் உயரம். திறந்த வெளியில் ஒரு கற்கல்லறை. அதனைச் சூழ ஆயர் மூவர். வலப்புறம் நிமிர்ந்து நிற்கும் பெண்ணொருத்தி. கல்லறையின் முகப்பில், ‘எட் இன் ஆர்க்காடியா எகோ’ என்னும் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. ஆர்க்காடியா என்பது கிரேக்க நாட்டின் ஒரு பகுதி; உரோமப் புலவர் வெர்ஜிலின் காலந்தொட்டு மேனாட்டுக் கவிகள் கவலையற்ற ஆயர் வாழும் இன்பநாடாக அதனைப் பாடிவந்தனர்.

இவ்வோவியத்துள் ஒரு தேசப்படம் மறைந்துள்ளதென்றும், கோல்களின் சாய்வையும் கைகளின் கோணத்தையும் கோடுகளால் இணைப்பின் ஓர் ஐங்கோணம் பிறக்குமென்றும், அவ்வைங்கோணத்தைத் தென் பிரான்சின் ரென்-லெ-ஷாத்தோ என்னுஞ் சிற்றூரைச் சூழ்ந்த மலைகளின்மீது வைத்துப் பார்ப்பின் பெரியதோர் இரகசியம் புலனாகுமென்றும் நாம் முழங்கினோம். படத்தின் பெரிய படியொன்றைச் சுவரில் மாட்டி, அளவுகோலுங் கையுமாய் நின்று, பென்சிலாற் கோடுகளும் இழுத்துக் காட்டினோம். இளைஞர் கைதட்டினர். நமக்கும் தலை சற்றுக் கனத்தது.

கூட்டம் கலைந்தபின் ஒரு மூதாட்டியார் மட்டும் படத்தண்டை நின்றார். இத்தோட்டம் செம்பனைக்கு மாறுமுன் முப்பதாண்டு பால்மரம் வெட்டியவர். நாற்பதைக் கடந்தபின் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தருகின்றோம்: “தம்பி, கோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழே முட்டி போட்டிருக்காரே, அவருக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கே. ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுத் தடவிப் பாக்குறாரு. நானும் அப்படித்தான் படிச்சேன். என்னதான் எழுதியிருக்காம்?”

வாசகர்காள், நாம் விடையிறுத்தது யாதென அறிவீரா? “அது முக்கியமில்லை, பாட்டி” என்றோம். இரண்டாண்டு அவ்வோவியத்தைக் கண்முன் வைத்திருந்தும், முழந்தாளிட்ட ஆயனின் விரல் எழுத்தைத் தொட்டுக் கூட்டிக்கூட்டி வாசிப்பதை நாம் கண்டதில்லை. அவ்விரல் நமக்கு ஒரு கோடு தொடங்கும் புள்ளி; அவ்வளவே. அன்றிரவு உறக்கங் கொள்ளாது, நம்மை அந்நெறியிற் செலுத்திய நூல்களை மறுபடியும் எடுத்தோம். இம்முறை ஒரு வவுச்சரைச் சரிபார்ப்பது போற் படித்தோம்.

நம்மை மயக்கியது, மைக்கேல் பேஜெண்ட், ரிச்சர்டு லீ, ஹென்றி லிங்கன் என்னும் மூவர் 1982-ல் வெளியிட்ட ‘திரு இரத்தமும் திருக்கிண்ணமும்’ என்னும் ஆங்கில நூல். பின்னர் லிங்கன் தனித்தெழுதி 1991-ல் வெளியிட்ட ‘புனித இடம்’ என்னும் நூலையும் வருவித்துக் கற்றோம். இவை சுவையற்ற நூல்களென எவருங் கூறார். தொலைக்காட்சிக்கு நாடகம் எழுதிப் பழகியவராதலின், ஓர் அத்தியாயத்தை எவ்விடத்தில் நிறுத்தினால் வாசகன் விளக்கணையான் என்பதை லிங்கன் நன்கறிவார். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நம்மனோர்க்கு ஒரு நோயுண்டு: ஊர்ப் பூசாரி குறிசொன்னால் நகைப்போம், அதே குறியை ஆங்கிலத்தில், அடிக்குறிப்போடு, தடித்த அட்டையிட்டுத் தந்தால் எழுந்து நின்று வாங்குவோம்.

கதை இது. ரென்-லெ-ஷாத்தோவுக்கு 1885-ல் பாதிரியாராக வந்த பெரங்கர் சோனியேர், வருவாய் குன்றிய அச்சிற்றூரிலிருந்தவாறே கோயிலைப் புதுப்பித்தார், மாளிகையும் கோபுரமும் எழுப்பினார், 1917-ல் இறந்தார். பணம் எங்கிருந்து வந்தது? கோயிலின் பழந்தூணுள் அவர் தோற்சுவடிகளைக் கண்டெடுத்தார் என்றும், அவை பூசானுடைய ஓவியத்தைத் திறவுகோலாகச் சுட்டின என்றும், அவர் பாரிசுக்குச் சென்று லூவரில் அவ்வோவியத்தின் படி வாங்கிவந்தார் என்றும் நூலோர் கூறுவர். ஊரினின்று சில மைல் தொலைவில், ஆர்க் என்னும் ஊரண்டைப் பாதையோரம், ஓவியத்திற் கண்டதையொத்த கல்லறையொன்றும் நின்றது. அது கண்டார்க்கு ஐயம் தீராதிருக்குமோ?

இவற்றுள் ஒவ்வொரு பதிவாக எடுத்துப் பார்த்தோம். கிராணியாகிய நாம் முதலில் வினவியிருக்க வேண்டியது பாதிரியாரின் கணக்குப் புத்தகம். அஃது உள்ளது. பலருக்காகப் பூசை செய்வதாகக் கடிதமெழுதிக் காசு பெற்ற வரவுகள் அதில் வரிசையாய் நிற்கின்றன. ஒருவர் வாழ்நாளிற் செய்து முடிக்கவொண்ணாத அளவுக்குப் பூசைக்கூலி வாங்கிய குற்றத்திற்காக அவருடைய ஆயரே 1910–11-ல் அவரை விசாரித்துத் தண்டித்தார். புதையலுக்கு இவ்வளவு கூர்மையாக வரவெழுதும் வழக்கம் உலகிலில்லை. புதையற் கதை செய்தித்தாளில் வந்தது 1956-ல். பாதிரியாரின் மாளிகையை வாங்கி உணவுவிடுதி நடத்திய நோயெல் கோர்பு என்பவர் அதனைப் பரப்பினார். விடுதிக்கு ஆள்சேர இதனினுஞ் சிறந்த விளம்பரம் வேண்டுமோ?

தோற்சுவடிகள் முதன்முதல் அச்சில் வந்தது, ஜெரார் த ஸேத் என்பார் 1967-ல் வெளியிட்ட நூலில். அவற்றைப் புனைந்தவர் தாமே எனப் பிலிப் த ஷெரிஸே என்பவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அவருடைய தோழர் பியேர் பிளாந்தார், பழம்பெரும் இரகசியச் சங்கத்தின் தலைவரெனத் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பியவர். அச்சங்கமோ 1956-ல் பதிவு செய்யப்பட்டது. ஆக, பூசானுடைய ஓவியத்தைச் சுட்டிய விரல் பூசானுடையதன்று, சோனியேருடையதுமன்று. இருபதாம் நூற்றாண்டில் பாரிசில் அமர்ந்து சுவடி செய்தோருடையது.

இனிக் கல்லறை. பூசான் 1594-ல் வடக்கே நார்மண்டியிற் பிறந்தார். 1624 முதல் உரோமாபுரியில் வாழ்ந்தார். மன்னரழைப்பால் 1640 இறுதியிற் பாரிசுக்கு வந்து 1642-ல் மீண்டும் உரோமையே சேர்ந்தார். 1665-ல் அங்கேயே இறந்தார். ஆர்க் அருகிருந்த கல்லறையோ இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. பேரன் காலத்திற் கட்டிய வீட்டைப் பாட்டன் பார்த்து எழுதினார் என்பதைப் போன்றதே இவ்வாதம். மேலும், பூசான் மெழுகாற் சிற்றுருவங்கள் செய்து, ஒரு பெட்டியைச் சிறு நாடகமேடை போல் அமைத்து, ஒளிபுகத் துளையிட்டு, உருவங்களை இடம்மாற்றி வைத்துப் பார்த்தே தம் படங்களைத் திட்டமிடுவார் என்பதை அவர்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். அவருடைய மலையும் மரமும் மேடைக்குப் பின்னிட்ட திரை. நில அளவையாளரின் படமன்று.

ஆனால் ஐங்கோணம்? நம்மைக் கடைசிவரை பற்றியிருந்தது இதுவே. ஓவியத்தில் ஐங்கோண அமைப்புண்டெனச் சொன்னவர் கலைக்கல்லூரிப் பேராசிரியர் கார்ன்ஃபோர்டு; ஓவியர் தம் உருவங்களை ஏதேனுமொரு வடிவக்கணக்கில் அடுக்குவது இயல்பாதலின் அதில் வியப்பில்லை. லிங்கன் அதனை எடுத்துக்கொண்டு நிலப்படத்துக்குத் தாவினார். ரென்-லெ-ஷாத்தோ, பெஸு, பிளான்ஷஃபோர் முதலிய ஐந்து உயர்ந்த இடங்கள் செப்பமான ஐங்கோணமாய் அமைந்துள்ளன என்றார்.

நாமும் ஒரு சோதனை செய்தோம். ஆபீஸ் சுவரில் தொங்கும் தோட்டப் படத்தின் படியொன்றை எடுத்து, கோயில், நிறுவைக்கூடம், பழைய புகைக்கூடம், பள்ளி, பாலம், கிணறு, லயங்களின் மூலைகள் என இருபது புள்ளிகளைக் குறித்தோம். இருபதிலிருந்து மும்மூன்றாகத் தேர்ந்தால் 1,140 முக்கோணங்கள். ஐந்தைந்தாகத் தேர்ந்தால் 15,504 கூட்டங்கள். இத்தனைக்குள் ஒன்றேனும் அழகிய ஐங்கோணத்தை ஒத்துத் தோன்றாவிடின் அதுவே அதிசயம். நமக்கு ஒரு மாலைப்பொழுதில் இரண்டு கிடைத்தன. ஒன்றன் உச்சி காளியம்மன் கோயில். மற்றதன் உச்சி உரக்கொட்டகை. 1-க்கு 25,000 என்னும் அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்த பென்சிற்கோடு 25 மீட்டர் அகலமுள்ள நிலத்தை மூடிவிடும் என்பதையும் அன்றே கணக்கிட்டோம். கோடு புள்ளியைத் தொடாவிடின் பென்சிலைச் சீவாதிருந்தாற் போதும்! பொருந்தாத புள்ளிகளைப் பற்றி எவரும் நூலெழுதுவதில்லை.

எழுத்துக்களின் கதையும் இதுவே. கல்லறை வாசகத்தின் பதினான்கு எழுத்துக்களைக் கலைத்து அடுக்கினால், ‘கடவுளின் மறைபொருளை யான் மூடிவைத்துள்ளேன்’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்றொடர் ஓரெழுத்தும் மிஞ்சாது வருகின்றது. இதனை நாம் படிப்பகத்தில் ஒரு வித்தைக்காரன் போல் செய்துகாட்டினோம். எழுத்தைக் கலைப்பதற்கு உரிமை பெற்றவன், கலைக்காத வாசகம் என்ன சொல்கிறதென முதலிற் கேட்கவேண்டாவோ?

இங்ஙனங் கூறுவதால், ஓவியர் எவரும் ஊரை மறைத்து வைத்ததில்லை என வாசகர் எண்ணற்க. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஹன்ஸ் ஹோல்பைன் 1533-ல் தீட்டிய ‘தூதுவர்’ என்னும் படமுள்ளது. இருவர் நடுவே இரண்டடுக்கு மேசை. கீழடுக்கில் ஒரு பூகோள உருண்டை. அதிற் பெருநகரங்களின் பெயரோடு, எவரும் கேள்விப்படாத பொலிஸி என்னுஞ் சிற்றூரின் பெயரும் எழுதப்பட்டுள்ளது. அப்பேரூர்களோடு இதற்கென்ன வேலை? பொலிஸியில் மாளிகையுடையவர் பிரெஞ்சுத் தூதர் ஜான் தெ தாந்த்வில். படத்திலிருப்போர் இன்னார் எனத் துணிவதற்கு அவ்வூர்ப்பெயரும் ஒரு சான்றாயிற்று. மேரி ஹார்வி என்னும் அம்மையார் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து 1900-ல் வெளியிட்ட நூலில் அதனை நிலைநாட்டினார். நோக்குமின்: இங்கே ஊர்ப்பெயர் எழுத்தாகவே உள்ளது, அளவுகோல் வேண்டா. வெளியிலிருந்து வந்த ஆவணமும் அதையே சொல்லிற்று. குறிப்பு கிட்டியதும் படத்திலுள்ள மனிதன் நமக்கு அணுக்கமானான். பூசானுடைய படத்திலோ, குறிப்பைத் தேடத் தேட மனிதர் மறைந்துபோயினர்.

இன்னுமொரு படம் இதற்கு நேர்மாறான பாடமாகும். எல் கிரேக்கோ தம் முதுமையில், தொலேதோ நகரைத் தீட்டினார். படத்தின் வலப்பக்கத்தில் ஓரிளைஞன் அந்நகரின் வரைபடத்தையே விரித்துப் பிடித்திருக்கின்றான். தவேரா மருத்துவமனை இருந்தபடியே இருந்தால் நகரவாயிலை மறைக்குமென்று, அதனைப் பெயர்த்து ஒரு மேகத்தின்மேல் வைத்துவிட்டதாகவும், அதன் முகப்பு தெரியட்டுமெனத் திருப்பியும் வைத்ததாகவும், உண்மையான இடம் வேண்டுவோர் வரைபடத்திற் காண்கவென்றும் ஓவியரே படத்துள் எழுதிவைத்துள்ளார். ஓவியத்திலுள்ள கோபுரத்துக்கும் பாறைக்கும் இடையே அளவெடுத்துப் பூமியைத் தோண்டப் புறப்படுவோர், தவேரா மருத்துவமனையை எந்த மேகத்தில் தேடுவரோ அறியோம். லியோனார்தோவின் மோனா லீசாவுக்குப் பின்னே தெரியும் பாலத்துக்கும் இத்தாலியில் இன்று பல ஊரார் உரிமை கொண்டாடுகின்றனர். புரியானோ என்பர், பொப்பியோ என்பர், லெக்கோ என்பர். ஊருக்கு யாத்திரிகர் வருவர், வரட்டும்.

இவையெல்லாம் வீண்பொழுதுதானே, யாருக்கென்ன கேடு என்று நம் நண்பரொருவர் கேட்டார். ரென்-லெ-ஷாத்தோவில், பூமியைத் தோண்டுவோர் தொல்லை பொறுக்கமாட்டாமல் 1965-ல் அகழ்வதற்குத் தடைவிதித்தனர். ஆர்க் அருகே பாதையோரம் நின்ற கல்லறையோ, ஒரு குடும்பத்தார் தம் உறவினரை அடக்கஞ் செய்யக் கட்டியது. அதனைப் பூசானுடைய கல்லறையென நூல்கள் பரப்பியபின், ஆட்கள் வந்துகொண்டேயிருந்தனர், சிதைத்தனர். நிலத்துக்குரியவர் அலுத்துப்போய் 1988-ல் கல்லறையை இடித்தே அகற்றிவிட்டார். ஒரு கல்லறையின்முன் மனிதர் மெல்லக் குனிந்து நின்று வாசிப்பதைக் காட்டும் ஓவியத்தைக் கையிலேந்திச் சென்றவர்களால், மெய்யாகவே ஒருவருக்குரிய கல்லறை இல்லாமற் போயிற்று. அன்று கைதட்டிய இளைஞருள் இருவர், நம் தோட்டத்துப் பழைய இடுகாட்டின் கற்களிலும் இத்தகைய கோடுகள் இருக்குமோ என நம்மை வினவியதை எண்ணினால் இன்றும் உடல் கூசுகின்றது.

நிற்க. மூதாட்டியார் கேட்ட கேள்விக்கு வருவோம். என்னதான் எழுதியிருக்கிறது?

எர்வின் பனோஃப்ஸ்கி என்னும் அறிஞர் 1936-ல் இவ்வாசகத்தைப் பற்றியே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். இலத்தீன் இலக்கணப்படி அதன் நேர்ப்பொருள், ‘ஆர்க்காடியாவிலும் யான் உள்ளேன்’ என்பது. பேசுவது மரணம். இவ்வாசகத்தை முதலில் ஓவியத்திற் கொணர்ந்தவர் இத்தாலியராகிய குவெர்ச்சினோ. அவர் படத்தில் இரு ஆயர் கற்கட்டின்மேற் கிடக்கும் மண்டையோட்டைத் திடுக்கிட்டு நோக்குகின்றனர். பூசானும் முன்னர், 1627–28 அளவில், இதே பொருளில் ஒரு படம் தீட்டினார். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையிலுள்ளது. அதிலும் கல்லறைமேல் சிறியதொரு மண்டையோடுண்டு. ஆயர் விரைந்து நெருங்குகின்றனர்.

பத்தாண்டு கழித்து லூவர்ப் படத்தைத் தீட்டுகையில் மண்டையோட்டை நீக்கிவிட்டார். ஓட்டமும் அதிர்ச்சியுமில்லை, கல், எழுத்து, நான்கு மனிதர். பொருளும் சற்றே நழுவி, ‘யானும் ஒருகால் ஆர்க்காடியாவில் வாழ்ந்தேன்’ என, உள்ளே கிடப்பவன் பேசுவதாகவும் ஒலிக்கத் தொடங்குகிறது என்பார் பனோஃப்ஸ்கி. இலக்கணத்தை மீறிய அவ்வொலியே படத்துக்கு இசைந்ததென்பது நம் எண்ணம். ஏனெனில் இங்கே எவரும் அஞ்சவில்லை. இடப்புற ஆயன் கல்லறைமேற் கைவைத்துச் சாய்ந்து, தலையில் மாலையோடு, கேட்டுக்கொண்டிருப்பான் போல நிற்கின்றான். முழந்தாளிட்டவன் எழுத்துக்கூட்டுகின்றான்; அவன் கையின் நிழல் கல்லின்மீது விழுகின்றது; அந்நிழலை அரிவாளின் வடிவென்று கொள்வாருமுளர். வலப்புற இளைஞன் எழுத்தைச் சுட்டியவாறே, “இதன் பொருளென்ன?” என்பான்போல் அப்பெண்ணைத் திரும்பிப் பார்க்கின்றான். அவளோ அவன் தோள்மேற் கைவைத்துள்ளாள், பேசவில்லை.

பூசான் 1639-ல் தம் புரவலர் ஷாந்தலூவுக்கு வேறொரு படத்தை அனுப்புகையில், கதையையும் படத்தையும் சேர்த்து வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். முகத்தையும் கையையும் நிலையையும் எழுத்தைப் போல வாசிக்கச் சொன்னவர் அவர். நாமோ முகங்களைத் தாண்டிக் கோடுகளை வாசித்தோம்.

சென்ற ஞாயிறன்று மூதாட்டியாரின் வீட்டுக்குச் சென்று, வாசகத்தின் பொருளைச் சொன்னோம். சிறிதுநேரம் படத்தையே பார்த்திருந்தார். “அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரியும் போலிருக்கு. அதான் தோளைத் தொட்டுக்கிட்டு நிக்குறா” என்றார். பின்னர், கோடு விழாத படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

பழைய படியிலுள்ள பென்சிற் கோடுகளை அழிக்க முயன்றோம். தாள் பல இடங்களிற் கிழிந்துபோயிற்று. ஆகையாற் புதுப்படி இரண்டுக்கு எழுதியுள்ளோம். ஒன்று படிப்பகத்துக்கு, மற்றொன்று அவருக்கு. செலவு நம்முடையது. அடுத்த திங்கள் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் மறுபடியும் பேசுவோம். முன்பு வந்தோர் அனைவரும் தவறாது வருமாறு வேண்டுகின்றோம்.